லைட்டு போட்ட கோடு

அறந்தாங்கிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் என்றால், தேதி குறித்த கையோடு மணிமேகலைக்குப் போன் வந்துவிடும். பெண்கள் பகுதிக்குள் கேமராவோடு போய்வரக்கூடிய பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையில் இருந்தது என்னவோ அவள் கணவன் பிரவீன்குமாரின் பெயர். ஆனால் கூப்பிடுகிறவர்கள், "மணிமேகலை வாராங்களா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான், "அவங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க, ஆம்பளைங்க பக்கத்துக்கு ஆள் வேணும்ல" என்பார்கள். பிரவீன்குமாருக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பிரியாணி ரெண்டு பக்கமும் ஒன்றுதான் என்பான்.

ஜெய்னுலாப்தீன் தன் மகள் சாமியாவின் கல்யாணத்துக்கு இவர்களை அழைத்தபோது சில நிபந்தனைகள் போட்டார். அவர் நெடுங்காலம் சவூதியில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, பட்டுக்கோட்டை சாலையில் மனைவியின் பெயரில் 'பரக்கத் மஹால்' கட்டியவர். கல்யாணமும் அங்கேதான். முதலாவது, பெண்கள் படம் ஒன்றுகூட வெளியாள் கண்ணில் படக் கூடாது. வெளியாள் என்றால் பிரவீன்குமாரும் வெளியாள்தான். இரண்டாவது, கேமராவிலிருந்து சத்தம் வரக் கூடாது.

"போன தடவ எங்க மச்சான் வீட்டுக் கல்யாணத்துல துஆ ஓதையில டக்கு டக்குன்னு ஒரே சத்தம். பக்கத்துல கோழி கொத்திக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

மூன்றாவது, ஃபிளாஷ் கூடாது.

"அது தேவையும் இல்ல. மஹால் பூராவும் புது எல்இடி மாத்தியிருக்கேன். எம் பொண்ணு கல்யாணம்தான் அதுக்குக் கீழ நடக்குற மொதக் கல்யாணம். நீங்களே வந்து பாருங்க, ராத்திரி பகலாத் தெரியும்."

மணிமேகலை எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அவள் புதிதாக வாங்கியிருந்த கேமராவில் சைலண்ட் மோடு இருந்தது. அதைப் போட்டுவிட்டால் பூனை நடக்கிற மாதிரி, எடுப்பது எடுக்கப்படுகிறவருக்கே தெரியாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை அப்ரார் மீமிசல்காரன். தோஹாவில் வேலை. லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக வைத்த கல்யாணம். ஆண்கள் பக்கம் நிக்காஹ் ஓதி முடிந்ததும், பெண்கள் பக்கத்தில் அப்ராரின் தாயார் வந்து சாமியாவின் கழுத்தில் கருகமணி கட்டினார். எல்லோரும் 'மாமி' என்று அழைத்த அந்த அம்மாள், கத்திரிப்பூ நிறப் பட்டில் உடம்பு முழுக்கப் பொன் ஜரிகைக் கோடு ஓடுகிற சேலை கட்டியிருந்தார். ஒரு பக்கம் பரக்கத் நிஷா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் மாமியின் மகள் ரூமானா சாம்பிராணித் தட்டோடு நின்றாள். மணிமேகலை சத்தமே இல்லாமல் எடுத்துத் தள்ளினாள். நடுவில் ஒருமுறை கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது படத்தில் லேசாக நிழல் விழுந்த மாதிரி இருந்தது. மேலே கட்டியிருந்த பூச்சரத்தின் நிழல் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். முதல் படம், யாரும் வருவதற்கு முன் எடுத்த மணமேடை. அதன் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்புப் பட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

பிரவீன்குமார் எட்டிப் பார்த்தான். "என்ன மணி, ஸ்டேஜுக்கு முன்னாடி கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாங்களா?"

"வெளையாடாதீங்க."

அடுத்த படத்தில் பெண்கள் இருந்தார்கள். அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, படத்துக்குப் பதிலாக அவள் முகத்தைப் பார்த்தான். அதிலேயே தெரிந்தது. எல்லாப் படத்திலும் கோடு.

"ஃபிளாஷ் போட்டிருந்தா இம்புட்டுத் தெரிஞ்சிருக்காது" என்றான். "சைலண்ட்ல வைக்காம இருந்தாலும் தப்பிச்சிருக்கலாம்."

"ரெண்டையும் கூடாதுன்னு சொன்னது பாய்தான்."

"லைட்டு யாரு போட்டது?"

"அதுவும் பாய்தான்."

"அப்பப் பாய்கிட்டயே போய்ச் சொல்லு."

"நீங்க வந்து சொல்றீங்களா?"

பிரவீன்குமார் கொஞ்சம் யோசித்தான். "பொம்பளைங்க பக்கத்து விஷயத்துல நான் தலையிடக் கூடாதுல்ல" என்றான்.

நடந்தது இதுதான். மலிவான எல்இடி விளக்கு நிலையாக எரிவதில்லை. கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மங்கி மங்கி எரியும். சைலண்ட் மோடில் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் மொத்தமாக எடுக்காமல், மேலிருந்து கீழாக வரி வரியாக வாசித்துக்கொண்டு வரும். அப்படி வாசிக்கையில் விளக்கு மங்கிய நேரமெல்லாம் படத்தில் கறுப்புப் பட்டையாக விழுந்துவிடும். இது மணிமேகலைக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஷட்டர் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். பகல் மாதிரி வெளிச்சம் என்று அவர் சொன்னதில், பகலில் வைப்பது போலவே வேகமாக வைத்துவிட்டாள்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவள் மஹாலுக்குப் போனாள். மேனேஜர் விளக்குகளைப் போட்டார். காலி நாற்காலிகளை எடுத்துப் பார்த்தாள். கோடு வந்தது. விளக்கை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தாள். வரவில்லை. மறுபடி போடச் சொன்னபோது ஜெய்னுலாப்தீனே வந்துவிட்டார். அவள் கேமராத் திரையைக் காட்டினாள்.

"லைட்டாலதான் பாய் இந்தக் கோடு. இது நின்னு எரியல. அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு விளக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோய் அடுத்ததையும் பார்த்தார்.

"எங்க அணையுது? நான் பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன்."

"நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்க."

"ஒங்க கண்ணுக்குத் தெரியல. என் கண்ணுக்கும் தெரியல. அன்னைக்கு இங்க ஒக்காந்து சாப்பிட்ட அத்தன சனத்துக்கும் தெரியல. ஒங்க கேமராவுக்கு மட்டும் தெரியுதுன்னா, கோளாறு எங்கிட்டு இருக்கும்மா?"

அந்த வாதத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருந்தது. மணிமேகலைக்கு அதைச் சட்டென்று தொட்டுக் காட்டத் தெரியவில்லை. சமாதானமாகப் போகலாம் என்று, "நானும் அன்னைக்கே கவனிச்சிருக்கணும் பாய்" என்றாள்.

"அதச் சொல்லுங்க" என்றார் ஜெய்னுலாப்தீன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபப்படவே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "மாப்பிள்ளை ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறதுக்குள்ள அவரு போன்ல நாலு படமாச்சும் இருக்கணும். அம்புட்டுதான்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திருச்சியில் இதையெல்லாம் சரிசெய்து தரும் எடிட்டிங் கடைகள் இருந்தன. இன்டர்நெட்டில் ஏற்றினால் தானே துடைத்துத் தரும் தளங்களும் இருந்தன. இரண்டுமே வெளியாள் கணக்கில் வரும். எனவே தன் கம்ப்யூட்டரிலேயே இருந்த ஒரு சாப்ட்வேரிடம், படத்திலுள்ள கோடுகளை எடுத்துவிடு என்று ஒப்படைத்தாள். அது சொன்ன வேலையைச் செய்தது. கருகமணி கட்டுகிற படத்தில் ஒரு கோடுகூட இல்லை. நிம்மதியாக அதைச் சாமியாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சாமியாவிடமிருந்து போன்.

"அக்கா, படம் பளிச்சுன்னு இருக்கு. ஆனா மாமி சேலையில உள்ள கோடு எங்கக்கா?"

மணிமேகலை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாப்ட்வேருக்குக் கோடு என்றால் எல்லாம் கோடுதான். பொன் ஜரிகை மொத்தமும் போய், மாமி வெறும் கத்திரிப்பூ நிறத்தில் நின்றார்.

"மாமி பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க. மகன் கல்யாணத்துக்குச் சாதாச் சேலை கட்டிட்டு வந்த மாதிரியில்ல இருக்குன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணுக்கா."

"சொல்லு."

"மாமி நெத்தியில சுருக்கம் இருக்கும்ல, அதும் காணாமப் போயிருச்சு. அது அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அத அப்படியே வச்சுக்கிறச் சொல்றாங்க."

மணிமேகலை எதற்கும் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப, மூஞ்சியில உள்ள கோடு வேணாம். சேலையில உள்ள கோடு வேணும். லைட்டு போட்ட கோடு வேணாம்."

"ஆமாக்கா" என்றாள் சாமியா. "கஷ்டமா?"

கஷ்டம்தான். கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு பட்டையையும் தனியாகப் பிடித்து, அது எவ்வளவு இருட்டியிருக்கிறதோ அவ்வளவு வெளுக்க வேண்டும். ஒரு படத்துக்குச் செய்தது அடுத்த படத்துக்கு உதவாது. அதில் பட்டை வேறு இடத்தில் விழுந்திருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், அவர்கள் திரும்பி வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். பிரவீன்குமார் சோறு வாங்கி வந்து, திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து வந்து வைத்துவிட்டுப் போனான்.

நாள் போகப் போக அவளுக்கு ஒரு வழி பிடிபட்டது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் பட்டை இடம் மாறி விழுகிறதல்லவா? ஒன்றில் இருட்டான இடம் அடுத்ததில் வெளிச்சமாக இருக்கும். அங்கிருந்து வெட்டி இங்கே ஒட்டிவிடலாம். இப்படித்தான் கருகமணிப் படத்தையும் முடித்தாள். அதில் பட்டை சரியாகச் சாமியாவின் கண்கள்மேல் விழுந்திருந்தது. அடுத்த படத்தில் கண்கள் தெளிவாக இருந்தன. எடுத்து வைத்தாள். ஜரிகைக் கோடுகள் திரும்பி வந்தன. நெற்றிச் சுருக்கத்தை மட்டும் வர விடவில்லை. மொத்தக் கல்யாணத்திலேயே நல்ல படம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சாமியாவுக்கு அனுப்பினாள்.

மீமிசலிலிருந்து மாமியே போன் செய்தார். "எம்மருமக கண்ணு சிரிக்கிறதப் பாருங்க. எவ்வளவு மனசோட எங்க வீட்டுக்கு வந்திருக்கா" என்று நெகிழ்ந்து பேசினார். சேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் பரக்கத் நிஷா ஸ்டூடியோவுக்கு வந்தார். தனியாக வந்திருந்தார். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவர், உட்கார்ந்து வெகுநேரம் பர்தாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிரவீன்குமார் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

"நான் அவ பக்கத்துலதாம்மா நின்னேன்" என்றார். "கருகமணி கட்டையில எங் கையப் பிடிச்சுக்கிட்டே கண்ணு கலங்குனா. நான் எங் கண்ணால பாத்தேன். படத்துல சிரிக்கிறா."

மணிமேகலை நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க நாத்தனா கேக்குறா, ஒம் மகளுக்கு ஒன்னய விட்டுப் போறதுல இம்புட்டுச் சந்தோஷமான்னு. ஒரே பொண்ணு. இருபது வருசம் பக்கத்துலயே போட்டு வளத்தேன். நான்தான் ஒருவேள தப்பாப் பாத்துட்டனோன்னு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல."

"நீங்க தப்பாப் பாக்கலம்மா" என்றாள் மணிமேகலை. அடுத்த படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்ததை அவரிடம் சொன்னாள். பரக்கத் நிஷாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவருக்கோ முகம் விரிந்தது. அப்படியென்றால் முதல் படத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றார்.

மணிமேகலை பழைய படத்தை எடுத்து, ஒட்டு வேலை ஏதும் இல்லாமல், கண்ணின்மேல் கிடந்த பட்டையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தாள். புள்ளி புள்ளியாக, மணல் தூவியது போல, இரண்டு கண்கள் மேலே வந்தன. இமையோரம் ஈரம் மின்னியது.

"இதுதான்" என்றார் பரக்கத் நிஷா. திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "இதப் போடுங்கம்மா எங்க ஆல்பத்துல. தெளிவா இல்லாட்டிப் பரவால்ல."

எப்படியும் ஆல்பம் இரண்டுதானே. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. அறந்தாங்கி ஆல்பத்தில் சாமியா அழுதுகொண்டு கருகமணி கட்டிக்கொள்வாள். மீமிசல் ஆல்பத்தில் சிரித்துக்கொண்டு கட்டிக்கொள்வாள். இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்தால் சரி. மணிமேகலை அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள். பெண்களே நடத்தும் அச்சகம் ஒன்று தஞ்சாவூரில் இருந்ததால் நிபந்தனைக்கும் பங்கம் வரவில்லை.

ஆல்பங்களை வாங்கிப்போக வந்தது சாமியாதான். இரண்டையும் மடியில் வைத்துப் புரட்டினாள். கருகமணிப் பக்கம் வந்ததும் ஒன்றை நிறுத்தி மற்றதைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் மணிமேகலை முந்திக்கொண்டாள்.

"நெசமா நீ அன்னைக்கு அழுதியா, சிரிச்சியா?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

"ரூமானா சாம்பிராணித் தட்ட மூஞ்சிக்குக் கிட்டக் கொண்டாந்துட்டாக்கா. கண்ணு எரிஞ்சுபோச்சு. அம்மா கையப் பிடிச்சது அதுக்குத்தான், தட்டத் தள்ளச் சொல்லி. அப்பறம் அவளே, ஐயோ மையெல்லாம் வழியுது, கரடி மாதிரி இருக்கீங்கன்னா. சிரிப்பு வந்துருச்சு."

மணிமேகலை நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லிறாத."

"சொல்லல. மாமிகிட்டயும் சொல்லல." சாமியா ஆல்பங்களை மூடினாள். "அழவே இல்லைன்னும் சொல்ல முடியாதுக்கா. மீமிசல் போய் எறங்குன அன்னைக்கு, பாத்ரூம்ல போய் அழுதேன். அத யாரு எடுத்தா?" ஆல்பங்களைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "கோடு போட்ட படம் இன்னும் இருக்கா?"

"எதுக்கு?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணொண்ணு ஆயிருச்சு. அவங்க நாளைக்குத் தோஹாவுக்குக் கெளம்புறாங்க. நான் அனுப்புறதுக்கு எனக்குன்னு ஒண்ணு வேணும்ல."

மணிமேகலை கை வைக்காத படத்தை அவளுடைய போனில் ஏற்றிக் கொடுத்தாள். கண்ணின்மேல் கறுப்புப் பட்டை அப்படியே இருந்தது.

படங்கள் கோடில்லாமல் வந்துவிட்டதில் ஜெய்னுலாப்தீனுக்கு மிகுந்த திருப்தி. "பாத்தீங்களா, மெனக்கெட்டுப் பாத்தா வருது. லைட்டுல கோளாறுன்னா எப்படி வரும்?" என்று கேட்டார். மஹால் வாசலில் பெரிய பேனர் ஒன்று வைத்தார். வீட்டுப் பெண்கள் யாரும் இல்லாத படம் வேண்டும் என்பதால், மணிமேகலை சரிசெய்து கொடுத்த காலி மணமேடைப் படத்தையே அதில் போட்டு, கீழே 'கண் கூசாத பகல் வெளிச்சம்' என்று எழுதச் சொல்லியிருந்தார்.

அதன் பிறகு அங்கே கல்யாணம் எடுக்க வந்த வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் கோடு விழுந்தது. புதுக்கோட்டையிலிருந்து விக்ரம் என்ற போட்டோகிராபர் அவளுக்குப் போன் செய்து, "மேடம், ஒங்களுக்கு மட்டும் எப்படி வராம இருக்கு? பேனரக் காட்டித் திட்டுறாரு" என்று கேட்டார். ஷட்டரை எதில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அதற்குள் விழுந்துவிட்ட கோடுகளை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் மட்டுமல்ல, பேராவூரணியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பரக்கத் மஹால் கோடு என்றால் மணிமேகலைதான் என்று ஆகிவிட்டது. முகூர்த்த நாள் முடிந்தால் மெமரி கார்டுகள் வந்து குவிந்தன. தன் படங்களை எடுக்கப் போகவே அவளுக்கு நேரம் இல்லை. ஒருமுறை எரிச்சலில், "பாய், அந்த லைட்ட மாத்திறக் கூடாதா?" என்று கேட்டாள். "ஒங்க பேரச் சொல்லித்தான் எல்லாருக்கும் பதில் சொல்றேன். நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று அவர் மனம் வருந்தினார். அவளுக்கே தான் பேசியது தப்பு என்பது போல் ஆகிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள் இடி இடித்து, மஹாலின் பாதி விளக்குகள் ஒரேயடியாகப் போய்விட்டன. மீதிக்குப் பொருந்துகிற மாதிரி கிடைக்காததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு போட்டார்கள். கிடைத்ததை வாங்கிப் போட்டது. தற்செயலாக அவை நல்ல விளக்குகள். மெமரி கார்டுகள் வருவது நின்றது.

அதற்கடுத்து அங்கே அவளுக்கு ஒரு கல்யாணம் வந்தது. இரண்டு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஜெய்னுலாப்தீன் தூரத்திலிருந்தே கேட்டார்.

"என்னம்மா, கேமராவ மாத்திட்டீங்களா? போட்டோக்காரங்க யாரும் இப்பக் குறை சொல்றதில்ல. எல்லாரும் நல்ல கேமரா வாங்கிட்டாங்க போல."

"ஆமா பாய்" என்றாள் மணிமேகலை.

பெண்கள் பக்கத்தில் சாமியா உட்கார்ந்திருந்தாள். மீமிசலிலிருந்து வந்திருந்தாள். தோஹாவுக்கு விசா இன்னும் ஆகவில்லை என்றாள். அப்ராரும் அவளும் தினமும் வீடியோ காலில் பேசிக்கொள்கிறார்களாம்.

"அந்தப் படத்தத்தான் அவங்க போன்ல முன்னாடி வச்சிருக்காங்கக்கா. கோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணு எப்படி இருந்துச்சுன்னு வாரத்துக்கு ஒரு தடவ கேட்ருவாங்க."

"நீ என்ன சொல்லுவ?"

"அன்னன்னைக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுவேன்" என்றாள் சாமியா. "சண்டை போட்டிருந்தா, அழுதேன்னு சொல்லுவேன்."

புதுப்பெண்ணை அழைத்து வந்தார்கள். மணிமேகலை கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.